வேலைச் சந்தை மந்தமாக இருக்கும்போது ஃப்ரீலான்ஸ் வேலை பிடிப்பது எப்படி: வடசென்னையில் தொடங்குவோருக்கான செய்முறை

நிறுவனங்கள் புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்திவைத்தாலும், அங்கே முடிக்க வேண்டிய வேலைகள் நின்றுவிடுவதில்லை. விலகிப் போனவருக்குப் பதில் ஆள் போடாததால் தேங்கிய பில்கள், பாதியில் கிடக்கும் இணையதளம், பழைய விலையிலேயே இருக்கும் கேட்லாக் என்று அவை சேர்ந்துகொண்டே போகும். மாதச் சம்பளத்துக்கு ஒருவரை ஏற்கத் தயங்கும் முதலாளியும், பத்து நாளில் முடியும் வேலைக்கு ஒரு தொகை பேசி முடிக்கச் சம்மதிப்பார். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் படிப்பை முடித்துவிட்டோ வேலையை இழந்துவிட்டோ இருப்பவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடும் முன் மெட்ரோவில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் கடைகளையும் அலுவலகங்களையும் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: செய்து தரும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எக்செல் தெரியும், டிசைன் தெரியும், டைப்பிங் தெரியும்" என்று சொன்னால், எந்த வேலையை உங்களிடம் கொடுப்பது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது. "டாலி கணக்கு மென்பொருளில் விடுபட்ட மூன்று மாதப் பர்ச்சேஸ் பில்களைப் பதிந்து, ஜிஎஸ்டி தளத்தில் வரும் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப்பார்த்துத் தருவேன்" என்றோ, "துணிக்கடைக்கு ஐம்பது உருப்படிகளைப் படமெடுத்து, அளவும் விலையும் சேர்த்து வாட்ஸ்அப் கேட்லாக்கில் ஏற்றித் தருவேன்" என்றோ சொன்னால், அந்த வேலை தன்னிடம் தேங்கிக் கிடக்கிறதா என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படி 2: கேட்கும் முன்பே ஒரு மாதிரி செய்து வையுங்கள்

முன்அனுபவம் இல்லாதவருக்கு மாதிரியே சான்று. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் பலவற்றில் சுடிதாரை மடித்தபடியே டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள், நீலம் பச்சையாகத் தெரிவதால், "ஒரிஜினல் கலர் என்னண்ணா?" என்ற கேள்வி ஒவ்வொரு படத்துக்கும் வருகிறது. தெரிந்தவர் கடையிலிருந்து ஐந்து உருப்படிகளைக் கேட்டு வாங்கி, காலை வெளிச்சத்தில் நேர்வெயில் படாத வாசற்பக்கம் விரித்து, மார்பளவின் குறுக்கே இன்ச் டேப்பை வைத்து ஒரு படமும், துணியின் நெசவு தெரியும்படி நெருக்கமாக இன்னொரு படமும் எடுங்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கணக்கு வேலைக்குக் கற்பனைப் பெயர்களோடு ஒரு மாதிரிக் கோப்பு போதும். பழைய முதலாளியின் உண்மைக் கணக்கை ஒருபோதும் காட்டாதீர்கள்.

படி 3: எங்கே போவது, எப்போது போவது

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ராஜாஜி சாலைப் பகுதியில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் கிளியரிங் ஏஜென்சிகளும் சரக்கு அனுப்பும் அலுவலகங்களும் இருக்கின்றன. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் விவரங்களைப் பிழையில்லாமல் எக்செல்லில் ஏற்றவும், கோப்புகளை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்தவும் அங்கே ஆள் தேவைப்படும். கோடவுன் தெருவிலும் சவுகார்பேட்டையிலும் மொத்த வியாபாரிகள். மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் ஆலைகளுக்கு வேலை செய்யும் சிறிய ஒப்பந்தக்காரர்கள், பட்டறைகள். இவர்களில் பலர் ஆள் தேவை என்று எங்கும் விளம்பரம் செய்வதில்லை, தெரிந்தவர் மூலமாகவே ஆளைப் பிடிக்கிறார்கள். அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பது, போவது எந்த இடம் என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியம் உடையது. மாதாமாதம் தாக்கல் செய்யும் வியாபாரிகளுக்கு விற்பனை விவரக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள்ளும் முடிய வேண்டும் என்பதால், அந்த நாள்களை ஒட்டி ஆடிட்டர் அலுவலகத்தில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது. 20-ஆம் தேதி கழிந்தபின் போனால், அந்த மாதம் எங்கே இடித்தது என்ற நினைவு அவர்களுக்குப் பசுமையாக இருக்கும், நின்று பேசவும் நேரமிருக்கும். துணிக்கடைகளை ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்பே அணுகுங்கள். கூட்டம் தொடங்கிவிட்டால் கல்லாவை விட்டு யாரும் நகர மாட்டார்கள்.

படி 4: செய்தியும் பேச்சும்

நேரில் பார்த்த அன்று மாலையே இப்படி ஒரு சிறு செய்தி அனுப்பலாம்: "ஐயா, வணக்கம். இன்று காலை கடையில் உங்களைச் சந்தித்தேன். உங்கள் கேட்லாக்கில் பல உருப்படிகளுக்கு விலையும் அளவும் இல்லை. முதல் ஐம்பது உருப்படிகளை மூன்று நாளில் முடித்துத் தருகிறேன். மாதிரிப் படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். வியாழக்கிழமை வந்து பார்க்கலாமா?" பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

"எவ்ளோ தம்பி கேக்குற?" என்ற கேள்வி முதல் சந்திப்பிலேயே வந்துவிடும். அப்போது தயங்காமல் சொல்ல ஒரு தொகை கையில் இருக்க வேண்டும்.

படி 5: கட்டணத்தைக் கணக்கிடுங்கள்

மாதச் செலவுக்கு 24,000 ரூபாயும், இணையம், மின்சாரம், பயணத்துக்கு 3,000 ரூபாயும் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தின் எல்லா நாளிலும் காசு வரும் வேலை இருக்காது. தேடுவதிலும் பேசுவதிலும் திருத்துவதிலும் பாதி போய்விடும். எனவே 27,000-ஐப் பதினைந்து நாள்களால் வகுத்தால், ஒரு நாளுக்கு 1,800 ரூபாய். மூன்று நாள் வேலைக்கு 5,400. பேரம் நடந்தால் தொகையை மட்டும் இறக்காதீர்கள், வேலையின் அளவையும் சேர்த்துக் குறையுங்கள்: "அண்ணா, நாலாயிரத்துக்கு முப்பத்தஞ்சு உருப்படி செஞ்சு தரேன்." சம்பளத்துக்கு இருந்தபோது கிடைத்த தொகையை முப்பதால் வகுத்து நாள்கூலி சொல்லும் வழக்கம் புதியவர்களிடம் பரவலாக உள்ளது, அது உங்களை நிச்சயம் நட்டத்தில் கொண்டுபோய் விடும்.

படி 6: எழுத்தில் வாங்குங்கள், அட்வான்ஸ் வாங்குங்கள்

என்ன வேலை, எத்தனை உருப்படி, எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு அட்வான்ஸ், மீதி எப்போது என்ற ஆறையும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ் கேட்பது நியாயமானது. அதைக் கொடுக்க மறுப்பவரிடம் வேலையை இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்குப் பணம் வந்தபின் அடுத்த பாதியை எடுக்கலாம்.

படி 7: பில், வரி, உத்யம் பதிவு

சேவைகளில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பான் எண்ணுடன் சாதாரண பில் போதும். நிறுவனங்கள் உங்கள் தொகையிலிருந்து முன்கூட்டியே வரியாக டிடிஎஸ் பிடித்தால் பதற வேண்டாம். அது உங்கள் பான் கணக்கில் சேரும், கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் கட்டணமின்றி முடிந்துவிடும். பணம் கேட்கும் போலித் தளங்களும் இருப்பதால் முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவு செய்த சிறு சேவையாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி சேரும். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

இணையத்தில் தேடும்போது

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் செலவாகும் என்பதால், உள்ளூரில் இரண்டு மூன்று வேலைகள் முடித்து, காட்டுவதற்கு ஏதாவது சேர்ந்தபின் அங்கே போவது நல்லது. லிங்க்ட்இனில் முன்பின் தெரியாதவர்களைவிடப் பழைய சக ஊழியர்களுக்கு முதலில் எழுதுங்கள். வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களையும், டேட்டா என்ட்ரி முடித்தபின் "பிழை இருக்கிறது, வழக்குப் போடுவோம்" என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களையும், டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்பவர்களையும் அண்டவிடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

முதல் வேலையை மாத வேலையாக்குங்கள்

பணம் கைக்கு வந்த நாளில், அதே வேலை அடுத்த மாதமும் வருமா என்று கேளுங்கள். பில் பதிவு செய்து கொடுத்திருந்தால், "மாசா மாசம் ஒண்ணாம் தேதிலேருந்து எட்டாம் தேதிக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன் சார், பதினொண்ணாம் தேதிக்கு நீங்க அலைய வேண்டாம்" என்று தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால், அதையும் அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.