காரைக்குடியில் போர்ப் பதக்கம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவே தகர டப்பாவில் போர்ப் பதக்கங்கள் கிடக்கும். கையில் எடுத்ததும் எல்லோரும் ராஜா தலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. போலி செய்கிறவர் உழைப்பதெல்லாம் முகப்புக்கு, மாட்டிக்கொள்வது விளிம்பில்.

"செட்டியார் வீட்டுப் பெட்டகத்திலிருந்து வந்தது" என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். நகரத்தார் பர்மா போனது லேவாதேவிக்கு, பட்டாளத்தில் சேர அல்ல. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் (படையிலிருந்து விடுவித்த சான்று) போன்ற காகிதம் கூடவே இருந்தால் கதைக்கும் விலை உண்டு. இல்லையென்றால் பதக்கத்துக்கு மட்டும்தான் விலை.

அளக்காமல் வாங்குவது பெரிய தவறு. முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல் இரண்டுக்கும் குறுக்களவு 36 மி.மீ. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி, உலோகம் ஆறும்போது சுருங்கி அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிடும். வெர்னியர் காலிப்பரால் மேல்-கீழ், இட-வலம், இரண்டு மூலைவாட்டம் என நான்கு முறை அளக்கவும். நான்கும் சேர்ந்து குறைந்தால் வார்ப்பு என்று சந்தேகிக்கலாம். மேல்-கீழ் மட்டும் குறைந்தால், அடிவிளிம்பில் பொறித்திருந்த, பதக்கம் பெற்றவரின் பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் போட்டிருக்கக்கூடும். நசுங்கலும் அளவைக் குறைக்கும். ஆனால் அது கண்ணுக்கே தெரியும்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல்கோடு, ஊசி குத்தியது போன்ற துளைகள், மழுங்கிய எழுத்து: இவை வார்ப்பின் அடையாளம். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் பெயர் அச்சுளியால் பதித்தது. உலோகம் அமுங்கியிருக்கும், வெட்டுப்பட்டிருக்காது. கையால் செதுக்கியது கூர்வாய்க்கால் போலத் தெரியும். அதற்காகச் செதுக்கிய பெயரெல்லாம் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1895 இந்தியா மெடல் போன்ற விக்டோரியா காலத்துப் பதக்கங்களில் பெயரை அரசே செதுக்கித்தான் கொடுத்தது.

விளிம்பில் ஆளின் பெயரோடு இருக்கும் படையின் பெயரையும் வாசியுங்கள். 1914-18 பதக்கத்தில் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்றிருந்தால் கீழே வைத்துவிடலாம். அப்போது இருந்தவை 75ஆவது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 83ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி போன்ற எண்ணிட்ட படைகள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயர் 1922இல்தான் வந்தது.

உலோகத்தைப் பார்த்து ஏமாறுவோர் ஒரு பக்கம், நல்லதை விட்டுவிடுவோர் மறுபக்கம். பிரிட்டிஷ் வார் மெடல் பெரும்பாலும் வெள்ளி. வெண்கலத்தில் கண்டால் 'டூப்' என்று ஒதுக்குகிறார்கள். இந்திய லேபர் கோர் (தொழிலாளர் படை), போர்ட்டர் கோர் (சுமைதூக்குவோர் படை) ஆட்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெண்கலத்தின் எண்ணிக்கை வெள்ளியைவிட மிகக் குறைவு என்பதால் தேடி வாங்குவோர் உண்டு.

செட் என்று விற்பதில் தனிக் கவனம் வேண்டும். இரண்டாம் உலகப்போரின் நட்சத்திர வடிவப் பதக்கங்களான பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப்படவில்லை. முதலில் தகுதி பெற்ற ஸ்டாரும், மற்றதற்காக ரிப்பனில் ஒரு பட்டையும்தான். இரண்டு ஸ்டாரும் ஒரே கம்பியில் தொங்கினால் அது வியாபாரி கோத்த செட். பிரிட்டிஷ் வீரர்களுக்கான இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களில் பெயர் கிடையாது. அதில் பெயர் செதுக்கியிருந்தால் யாரோ பின்னால் செய்த வேலை, அதற்கு மேல்விலை கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

மனசு சட்டென இளகுவது ஐ.என்.ஏ. (சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம்) பதக்கத்தில்தான். அந்தப் பெயரில் விற்கும் ஆசாத் ஹிந்த் பதக்கங்களை 1942இல் ஜெர்மனியில் இருந்தபோது போஸ் ஏற்படுத்தினார். செய்தது வியன்னாவின் சூவால் நிறுவனம். போருக்குப் பிந்தைய மறுவார்ப்புகளும் நகல்களும் சந்தையில் நிறைய. காகிதம் இல்லாமல் அசல் விலை கொடுக்காதீர்கள்.

ரிப்பனில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கலாம். புதுநூல் பளீரென நீலமாக ஒளிரும். இன்றைய சோப்புத்தூளில் துவைத்த பழைய ரிப்பனும் ஒளிரும், எனவே இதை மட்டும் நம்பித் தீர்ப்பு வேண்டாம். அசல் பதக்கத்துக்குப் புது ரிப்பன் மாட்டுவது சகஜம்.

வாங்கியபின் நடக்கும் கொடுமை புளி. வெண்கலக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் போகும், பெயரும் தேயும், விலை விழும். வெள்ளிக்கு விபூதியும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும். பி.வி.சி. உறையிலும் வைக்காதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு படியும்.

வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் அந்த வயதை எட்டிவிட்டன. தபாலில் அனுப்புமுன் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.