மழை விட்ட மாலையில் வார்னிஷ் அடிக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கமாகக் கூடி விளையாடும் இடத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தான். செந்தூலில் வீடு, கல்லூரியில் முதலாம் ஆண்டு. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தான். உள்ளே டிஷ்யூ தாளில் சுற்றிய, அவனே சாயம் பூசிய பத்துப் பொம்மைப் படைவீரர்கள். ஒவ்வொருவர் மேலும் திருநீறு பூசியதுபோல வெள்ளைப் படலம்.

"அண்ணே, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியா வார்னிஷ் அடிச்சேன், இப்படி ஆயிடுச்சு."

"எத்தனை மணிக்கு அடிச்சே?"

"சாயங்காலம். மழை விட்டதும்."

அந்த டின்னை மூடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. 2014-இல் நான் செய்ததும் அச்சு அசலாக இதுவேதான். எனக்கு அடுத்து வந்தவர்கள் செய்தார்கள், அவர்களுக்கு அடுத்து வந்தவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சாயத்தைத் தண்ணீர் விட்டு இளக்குங்கள், பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் பூசாதீர்கள், மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கோலாலம்பூரில் இருந்துகொண்டு கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்குச் சாயம் பூசி, மேசையில் போர் நடத்தும் நமக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைசி ஐந்து நிமிடம்

ஒரு வீரனை முடிக்க எனக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இருபது பேர் கொண்ட அணி என்றால், வேலை விட்டு வந்து இரவில் உட்கார்ந்து, மூன்று மாதம். விளையாடும்போது கைபட்டுச் சாயம் உரியாமலிருக்க, எல்லாம் முடிந்தபின் மேலே ஒரு வார்னிஷ். ஸ்பிரே டப்பாவில் வருவதால் அது ஐந்து நிமிட வேலை. மூன்று மாத உழைப்பு அந்த ஐந்து நிமிடத்தில்தான் போகிறது.

2014-இல் நான் ஜாலான் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தேன். இருபது ஓர்க்குகள், பச்சைத் தோல் அரக்கர்கள். அந்தத் தோலுக்கு மட்டும் நான்கு அடுக்குச் சாயம். மறுநாள் சனிக்கிழமை நண்பர் வீட்டில் ஆட்டம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்கு விட்டது. காற்று குளுகுளுவென்று இருந்தது, இதுதான் நல்ல நேரம் என்று நினைத்தேன். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்த அறையிலிருந்து பொம்மைகளைத் தட்டோடு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு வார்னிஷ் அடித்தேன்.

இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தேன். கறுப்புப் பூட்ஸ் சாம்பல் நிறமாகியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணுக்குள் வைத்த சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. விரலால் தேய்த்தேன், போகவில்லை. அந்த வெள்ளை மேலே படிந்திருக்கவில்லை, வார்னிஷுக்கு உள்ளேயே இருந்தது.

நடந்தது இதுதான். டப்பாவில் வார்னிஷைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் தான் இருக்கும் இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். உள்ளங்கையில் சானிட்டைசர் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். அப்படிப் பொம்மையின் மேல்பரப்பு சட்டென்று குளிர்கிறது. நம் ஊர்க் காற்றிலோ எந்நேரமும் நீர் நிறைந்திருக்கிறது. சாதாரண நாளிலேயே 23, 24 பாகை அளவுக்குக் குளிர்ந்த எதன்மேலும் அது நீராகக் கோர்த்துக்கொள்ளும். மாமாக் கடையில் தே ஓ ஐஸ் கிளாஸ் மேசையை நனைப்பது அதனால்தான். காயாத வார்னிஷுக்குள் அந்த நீர் புகுந்து சிக்கிக்கொண்டால் படலம் பால்போல வெளுத்துவிடும்.

நான் இன்னொரு தவறையும் சேர்த்துச் செய்திருந்தேன். ஏர்கோன் அறையிலிருந்து வந்த பொம்மைகள் முன்பே குளிர்ந்துபோய் இருந்தன. கண்ணாடியில் படிந்த ஆவி அவற்றின் மேலும் படிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், பொம்மைகளைப் பார்க்கவில்லை.

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது, இதைக் கேட்கும் புதியவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான். "டப்பாவைச் சரியாகக் குலுக்கியிருக்க மாட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். குலுக்க வேண்டியது உண்மைதான். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்க ஒரு நுண்ணிய தூள் கலந்திருக்கும், அது அடியில் தங்கிவிட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். ஆனால் இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மணிக்கு அடித்தாய் என்பது. நாம் பார்த்துப் பழகும் வீடியோக்களில் பல இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. குளிர்காலத்தில் வெளியே அடிக்காதே, வெதுவெதுப்பான நாளில் அடி என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அதைக் கேட்டுவிட்டு, நம் ஊரில் வருடம் முழுக்க வெதுவெதுப்புதானே, எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே, அப்போது அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே அப்போதுதான், 90 விழுக்காட்டையும் தாண்டும். வெயில் ஏற ஏற அது இறங்கும். மழை இல்லாத நாளில் காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை 60, 65-க்கு வரும். நமக்குக் கிடைப்பது அந்த மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு மேகம் கூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் அந்த நேரம் இன்னும் சுருங்கும்.

பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் கிடைக்கும். ஒன்று வாங்கிப் பால்கனியில் மாட்டுங்கள். 70-க்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடாதீர்கள். பொம்மைகளையும் டப்பாவையும் அரை மணி நேரம் முன்பே வெளியே, நிழலில் வைத்துவிடுங்கள், வெளிச்சூட்டுக்கு அவை பழகட்டும். முதலில் பொம்மைகளை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, அதன்மேல் அடித்துப் பாருங்கள். வெளுப்பு கறுப்பில்தான் முதலில் தெரியும். பத்து நிமிடம் பொறுத்து, கறுப்பு கறுப்பாகவே இருந்தால் படையை எடுங்கள். அதையும் ஒரே நாளில் முழுதாக எடுக்காதீர்கள். முதலில் இரண்டு பேர் போதும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசிப் பாருங்கள். பல நேரங்களில் அந்தப் படலம் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசிப் பளபளப்பைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடைய இருபதில் பதினான்கு இப்படி மீண்டன. ஆறு மீளவில்லை.

இப்போது நான் ஸ்பிரே வார்னிஷ் வாங்குவதே இல்லை. தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுகிறேன், மழை நாளிலும் பயமில்லை. இருபது பேருக்கு ஒரு மாலை முழுக்கப் போகிறது. போகட்டும்.

பிரைமர்

ஸ்பிரே பிரைமருக்கும் அதே நேரம், அதே மீட்டர். சொரசொரவென்று மணல்போல விழுந்தால் தூரத்திலிருந்து அடிக்கிறீர்கள், சாயம் வழியிலேயே காய்ந்துவிடுகிறது. ஒரு சாண் தூரம் போதும்.

அசிட்டோன்

பிளாஸ்டிக்கில் படவே கூடாது. கரைந்துவிடும். பழைய சாயத்தை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும்.

வெள்ளை கலந்து தோலை உயர்த்துவது

நாம் ஆடும் வார்ஹாமர் 40,000 ஆட்டம் 1987-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அட்டைப் பெட்டியிலும் வழிகாட்டிகளிலும் காட்டும் தோல் நிறம் வெகுகாலம் வெளிர் நிறமாகவே இருந்தது. நம் பையன்கள் பலரும் முதல் படையை அப்படியே பூசுகிறார்கள். பிறகு ஒரு நாள் நம்மைப் போன்ற முகம் ஒன்றைப் பூச ஆசை வரும். அடர் பழுப்பை எடுப்பார்கள், அது சரி. வெளிச்சம் படும் மூக்கு, கன்னம், நெற்றி ஆகியவற்றை உயர்த்த, அதாவது எடுப்பாகக் காட்ட, அந்தப் பழுப்பில் வெள்ளையைக் கலப்பார்கள். முகம் சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்தவன்போல் ஆகிவிடும்.

விளக்கடியில் உங்கள் கையையே மடக்கிப் பாருங்கள். விரல் முட்டியில் வெளிச்சம் படும் இடம் வெள்ளையாகவா இருக்கிறது? செம்மையும் மஞ்சளும் கலந்த ஒரு வெதுவெதுப்பு. பழுப்பில் ஆரஞ்சையோ காவி மஞ்சளையோ கலந்து உயர்த்துங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கத்தரிக்காய்த் தோல்போன்ற ஊதா கலந்த அடர் பழுப்பு நன்றாக உட்காரும். உள்ளங்கையும் கீழுதடும் சற்று இளஞ்சிவப்பு. கடைசியில் மூக்கு நுனியில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி, அங்கே மட்டும் வெளிர்மஞ்சள். நான் பூசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கிழட்டுத் தளபதியின் முகம். எங்கள் தாத்தாவின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசினேன். ரப்பர் மரக் காட்டில் வெயில் காய்ந்த அந்த நிறத்தைப் பிடிக்க மூன்று இரவு ஆனது.

அறை விளக்கு மஞ்சளாக இருந்தால் இந்த வேலை எதுவும் நடக்காது. பகல்வெளிச்ச பல்பு ஒன்றை முதலில் மாட்டுங்கள்.

ஈரத் தட்டு

பஞ்சை நனைத்து, மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள் விரித்து, சாயம் காயாமல் வைத்துக்கொள்ளும் தட்டு. நம் சூட்டுக்கு அது மிகவும் தேவை. ஆனால் மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் மறந்தால் பூஞ்சை பிடித்து நாறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பஞ்சைச் சுடுநீரில் அலசுங்கள். வேலை இல்லாதபோது காயவைத்துவிடுங்கள்.

கார்

வெயிலில் நிறுத்திய காரில் படையை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஆட்ட மேசையில் வைக்க 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் இழையால் அச்சிட்ட சுவர், கோபுரம் எல்லாம் 60 பாகைச் சூட்டுக்குள் இளகிவிடும். மூடிய காருக்குள், கண்ணாடியை ஒட்டி வெயில் நேராக விழும் இடத்தில், அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை. என் நண்பர் அச்சிட்ட ஒரு மதில் வாழை மட்டைபோல வளைந்து வந்தது. ரெசின் என்னும் இறுகிய பிசினில் செய்த வாள், ஈட்டி வளைந்தால் மட்டும் வழியுண்டு. சுடுநீரில் முக்கி, கையால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள்.

ரெசின் தூள்

ரெசினை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். வீட்டில் அச்சிடுபவர்கள், புற ஊதா விளக்கில் இறுகாத ரெசினை வெறுங்கையால் தொட வேண்டாம், நைட்ரைல் கையுறை கட்டாயம். தொட்டுத் தொட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எப்போது தொட்டாலும் அரிப்புதான். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்று யோசித்த பிறகு வாங்குங்கள்.

தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் நட்டு வைப்பது

நுனி வளைந்தால் வளைந்ததுதான். படுக்க வையுங்கள்.

மேசைக்கு வந்த பிறகு

புதியவர்கள் எதிரியைக் கொல்வதிலேயே குறியாக இருக்கிறார்கள். ஐந்து சுற்று ஆட்டத்தில் புள்ளி வருவது பெரும்பாலும் குறித்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்கு. எதிரியின் டாங்கியை ஊதித் தள்ளிய மகிழ்ச்சியில் நடுமேசையை விட்டுவிட்டு, கடைசியில் கணக்குப் பார்க்கும்போது முகம் வாடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் யார் எந்த இடத்தைப் போய்ப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் துப்பாக்கியைப் பாருங்கள்.

சண்டை வருவது தோல்வியால் அல்ல, அளவால். ஆட்டம் முழுக்க அங்குலத்தில் நடக்கும். இரண்டாயிரம் புள்ளி மதிப்புள்ள படைக்கு மேசையே 60 அங்குல நீளம், 44 அங்குல அகலம். சென்டிமீட்டர் மட்டும் போட்ட டேப்பைக் கொண்டுவந்து மனக்கணக்குப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் அளவு போட்ட தையல்காரர் டேப் சல்லிசாகக் கிடைக்கும். நகர்த்தும் முன்பே எதற்காக நகர்த்துகிறீர்கள் என்று எதிரே இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கை நடுங்கி அரை அங்குலம் தள்ளி வைத்துவிட்டால்கூட அப்போது பிரச்சினை வராது. அன்றைக்கு அந்தத் தம்பி வெளுத்துப்போன வீரர்களை வைத்துத்தான் என்னோடு ஆடினான். அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மூன்றாம் சுற்றில் அவனாகவே கையை நிறுத்திக் கேட்டான்.

"அண்ணே, இந்தச் சுவருக்குப் பின்னால நிறுத்தறேன். உங்க பீரங்கிக்கு இவன் தெரியக் கூடாது. சரியா?"

குனிந்து பீரங்கிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு தோள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு."