எழுத்து நின்றுபோனால் நாளுக்கு மூன்று வரி

பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தால் மறுபடி எழுத உட்காரவே தயக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் புதுக் கதையைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றுவிட்டால் இருக்கிற தெம்பும் போய்விடும். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று போதும். தினமும் மூன்று வரி: கண்ணில் பட்ட ஒரு பொருள், காதில் விழுந்த ஒரு பேச்சு, யாரோ கையால் செய்த ஒரு செயல்.

'ரேஷன் கடையில் ஒரு ஏழைப் பாட்டி' என்று குறித்தால், ஒரு வாரம் கழித்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'கார்டைப் பால் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். முறை வருமுன்பே அதைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்' என்று எழுதுங்கள். அவருடைய பதற்றமும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும். பேச்சை வட்டார வழக்கோடு உடனே குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் அது உங்கள் பேச்சாக மாறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பை எடுத்து, 20 நிமிடம் அலாரம் வைத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். அன்றே வாசிக்க வேண்டாம். நம்பிக்கை குறைந்திருக்கும்போது குறை மட்டும்தான் கண்ணில் படும். ஒரு வாரம் கழித்துச் சத்தமாக வாசித்து, நாக்கு தடுக்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். முதல் பத்தி பெரும்பாலும் தயங்கித் தயங்கி எழுதியதாக இருக்கும். அதை வெட்டிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்தே தொடங்கிப் பாருங்கள்.