லஃபயெட் பக்கம் வார இறுதியா? சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள்

அமெரிக்காவின் தெற்கு லூசியானாவில் லஃபயெட் நகரைச் சுற்றியுள்ள, பிரெஞ்சு மரபுள்ள கேஜன், கிரியோல் மக்களின் வட்டாரத்தைப் பார்க்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில், இங்கே இசை இரவுக்காகக் காத்திருப்பதில்லை. யூனிஸ் நகரில் அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவி செய்யும் மார்க் சவாய் நடத்திவந்த கடையில் உள்ளூர்க்காரர்கள் ஃபிடிலும் அக்கார்டியனுமாகக் கூடி வாசிப்பதும், பக்கத்து ஊரான மாமூவின் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் காலையிலேயே ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் ஆடுவதும் நெடுநாளைய சனிக்கிழமை வழக்கம். நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் ஸ்காட் ஊரில் நிறுத்தி, சோறும் பன்றி இறைச்சியும் வெங்காயத்தாளும் சேர்த்துக் குடலில் அடைத்த பூடானைச் சுடச்சுட வாங்கலாம். கத்தி, முள்கரண்டி எதுவும் தேவையில்லை. ஒரு முனையைக் கடித்து, உள்ளிருப்பதைப் பிதுக்கி உண்பதே உள்ளூர் முறை. காரின் முன்புறம் சாய்ந்து நின்றபடியே பலரும் தின்று முடித்துவிடுகிறார்கள். மசாலாவில் வேகவைத்த கிராஃபிஷை (சிறு சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரி) உண்பதே நோக்கமென்றால் மார்ச் முதல் மே வரை செல்லுங்கள். மற்ற மாதங்களில் விலையும் கூடும், அளவும் சிறுக்கும்.

மாலைக்கு, ப்ரோ பிரிட்ஜ் அருகிலுள்ள மார்ட்டின் ஏரி போதும். நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்களில் வசந்த காலத்தில் கொக்குகளும் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்களும் கூடு கட்டுகின்றன. கரையோரம் முதலைகள் படுத்திருக்கும் என்பதால், குழந்தைகளையும் நாயையும் நீர்விளிம்புக்கு விடாதீர்கள். தொலைநோக்கி இருந்தால் சாலையிலிருந்தே எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம்.