காம்பவுண்டை மாற்றும் முன் பேடைப் பாருங்கள்

மெஷினில் தேய்த்தும் கார் பெயின்ட்டில் உள்ள கீறல் கோடு போகவில்லை என்றதும் பலரும் முதலில் குறை சொல்வது காம்பவுண்டைத்தான், அதாவது பெயின்ட்டை மெல்லிதாக அரைத்தெடுக்கும் துகள் கலந்த திரவத்தை. இதைவிட முரட்டுக் காம்பவுண்ட் எது என்று தேடத் தொடங்குவார்கள். ஆனால் காம்பவுண்டைத் தேய்ப்பது மெஷினில் மாட்டும் வட்டமான பேட். ஒரே காம்பவுண்ட் கம்பளி பேடில் வெட்டுவதற்கும் (பெயின்ட்டை அரைத்தெடுப்பதற்கும்) மெத்தென்ற ஃபினிஷிங் ஃபோமில் வெட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பேடின் துளைகளில் பழைய காம்பவுண்டும் அரைத்தெடுத்த பெயின்ட் மாவும் அப்பிக் கிடந்தால், எவ்வளவு நல்ல காம்பவுண்டாக இருந்தாலும் மேலே வழுக்கிக்கொண்டுதான் ஓடும்.

இதில் நிதானம் வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனி பெயின்ட்டில் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான்; ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெட்டி எடுத்தது திரும்ப வளராது. அதனால் எந்த வேலையையும் மென்மையான பேடில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமைக்குப் போக வேண்டும்.

கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம்

கம்பளி பேட் வேகமாக வெட்டும். இழைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் ஃபோமைவிடச் சூடு குறைவு. 1500, 2000 கிரிட் உப்புத்தாளில் தேய்த்த தடத்தை எடுக்க, ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் இதுதான் கை கொடுக்கும். முறுக்கிய இழை உள்ளது அதிகம் வெட்டும். தோலோடு வரும் ஆட்டு ரோம பேட் கொஞ்சம் மென்மை. எதுவானாலும் கம்பளி தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும். கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால் நிழல்போல ஆடும் ஹோலோகிராம் தெரியும். அதை ஃபோம் பேடும் பாலிஷும் (காம்பவுண்டைவிட நுண்ணிய திரவம்) வைத்து எடுக்கும் பொறுமை இல்லை என்றால் கம்பளியைத் தொடவே வேண்டாம்.

மைக்ரோஃபைபர் பேட், சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் மெஷினுக்காக வந்தது. மெல்லிய ஃபோமின் மேல் குட்டை இழைகள். வெட்டுவதில் கம்பளிக்கு அருகில் வரும். ஆனால் மென்மையான பெயின்ட்டில் மங்கலான புகை போன்ற தடம் விடும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சூடு தாங்காது. அழுத்திப் பிடித்தே ஓட்டினால் இழைப்பகுதி ஃபோமிலிருந்து பிரிந்து வந்துவிடும்.

ஃபோம்தான் வீட்டில் செய்பவருக்கு நல்ல தொடக்கம். கடினமானது வெட்ட, நடுத்தரம் பாலிஷுக்கு, மெத்தென்றது பளபளப்பை முடிக்கவும் வேக்ஸ் பூசவும். துளை திறந்த ஃபோமில் காற்று ஓடுவதால் சூடு குறையும், கழுவுவதும் சுலபம். துளை மூடிய ஃபோம் திரவத்தை அதிகம் உறிஞ்சாமல் மேற்பரப்பிலேயே வைத்திருக்கும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பேட் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. ரூப்ஸ் கம்பெனியில் மஞ்சள் ஃபோம் என்றால் நுண்ணிய பாலிஷ் பேட். லேக் கன்ட்ரி கம்பெனியில் மஞ்சள் என்றால் வெட்டும் பேட். ஒன்றை நினைத்து இன்னொன்றை வைத்தால் மென்மையான பெயின்ட்டில் புதிய கோடுகளை நீங்களே போட்டுவிடுவீர்கள். கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள், கட்டைவிரலால் அழுத்தியும் பாருங்கள்.

அளவு

பேட் எப்போதும், மெஷினில் அது ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 125 மி.மீ. பிளேட்டுக்கு 140 அல்லது 150 மி.மீ. பேட் சரி. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் வளைவில் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடித்து, ஒரு நொடியில் கிளியர் கோட்டைக் கிழித்துவிடும். பேட் மிகப் பெரிதாக இருந்தால் ஓரம் தொளதொளவென்று ஆடும், மெஷினின் பலம் அதில் வீணாகும்.

தடிமனையும் பாருங்கள். 15 அல்லது 21 மி.மீ. அகலத்துக்கு ஆடும் டூயல் ஆக்ஷன் மெஷினில் தடித்த, மெத்தென்ற ஃபோமைப் போட்டால், மெஷினின் ஆட்டத்தை ஃபோமே விழுங்கிவிடும்; பெயின்ட்டுக்குப் பாதிதான் வந்து சேரும். அப்படிப்பட்ட மெஷினுக்கு மெல்லிய பேட் பொருந்தும். நடுவில் துளை உள்ள பேடுக்கு இரண்டு லாபம்: அதிகம் சூடாகும் நடுப்பகுதியில் ஃபோமே இல்லை, வெல்க்ரோவில் நடு பார்த்து ஒட்டவும் வசதி. நடு தப்பி ஒட்டினால் மெஷின் கையில் உதறும்.

கதவுத் தூண், பம்பரின் குழிவு, கண்ணாடி உறை ஆகியவற்றுக்கு 75 மி.மீ. பேடும் அதற்கேற்ற சிறிய பிளேட்டும் தனியாக வேண்டும். பெரிய பேடின் ஓரத்தைச் சாய்த்து வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்ப்பவர்கள்தான் பெயின்ட்டை எரிப்பவர்கள்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுத்தரக் கார் ஒன்றை முழுதாகச் செய்ய வெட்டும் பேட் நான்கிலிருந்து ஆறு, பாலிஷ் பேட் மூன்று, ஃபினிஷிங் பேட் இரண்டு இருந்தால் நிம்மதி. விலை கூடிய பேட் ஒன்றைவிட நடுத்தரமான பேட் நான்கு மேல்.

ஓட்டும்போது

கழுவி, காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் தேய்த்து மண் துகள் நீக்கிய பெயின்ட்டில் மட்டுமே பேட் வைக்க வேண்டும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், டேப் ஒட்டிவிடுங்கள். பானெட்டில் 60 செ.மீ. சதுரம் ஒன்றை அளந்து, மென்மையான ஃபோமும் பாலிஷும் வைத்துச் சோதியுங்கள். கோடு பாதிக்கு மேல் நின்றால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் காம்பவுண்டை மாற்றலாம்.

புதிய பேடும் கழுவிக் காய்ந்த பேடும் வறட்சியாக இருக்கும். அப்படியே ஓட்டினால் காம்பவுண்ட் இல்லாத இடம் பெயின்ட்டை வெறுமனே உரசும். முதல் தடவை மட்டும் பேடின் முகம் முழுவதும் மெல்லிய படலமாகக் காம்பவுண்டை விரலால் தேய்த்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு போதும். விளம்பரப் படங்களில் பேட் முழுக்க வட்டம் வட்டமாகப் பிழிவது பார்க்க அழகுதான். அவ்வளவு ஊற்றினால் பேட் ஊறிப்போய் வெட்டுவது நின்றுவிடும், சுவரெல்லாம் தெறிக்கும்.

பேடைப் பெயின்ட்டில் வைத்த பிறகே மெஷினைப் போடுங்கள். நின்ற பிறகே தூக்குங்கள். குறைந்த வேகத்தில் ஒரு தடவை பரப்பி, பிறகு ஆறு நிலை உள்ள டூயல் ஆக்ஷனில் 4 அல்லது 5. நெடுக்காகவும் குறுக்காகவும் நான்கிலிருந்து ஆறு தடவை, முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி மெதுவாக நகர்த்துங்கள். ரோட்டரி என்றால் 1000 முதல் 1500 ஆர்.பி.எம். போதும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது.

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டூயல் ஆக்ஷனில் அழுத்தம் அதிகமானால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு அதிர மட்டும் செய்யும். சத்தத்தில் அது தெரியாது. கோடு சுற்றவில்லை என்றால் வெட்டும் நடக்கவில்லை. கையைத் தளர்த்துங்கள், பேடைத் தட்டையாகப் பிடியுங்கள்.

ஒவ்வொரு சதுரமும் முடிந்தவுடன்

ஒவ்வொரு முறையும் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். கார் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிக் காரிலேயே வெட்டு குறைந்துவிடும், சூடும் தூளும் கூடும். ஃபோமுக்கு மென்மையான நைலான் பிரஷைப் பேடில் வைத்து மெஷினைக் குறைந்த வேகத்தில் சில நொடி சுற்றுங்கள். மைக்ரோஃபைபருக்கும் கம்பளிக்கும் காற்றழுத்தத் துப்பாக்கி சிறந்தது. இல்லாவிட்டால் மைக்ரோஃபைபருக்கு அதே பிரஷ், கம்பளிக்குப் பல் உள்ள சக்கரம். படிந்து அமுங்கிய இழைகள் நிமிர்ந்தால்தான் மறுபடி வெட்டும்.

அப்போது பேடின் நிறத்தையும் கவனியுங்கள். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் கார் நிறம் வரக் கூடாது. வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அந்த இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு பெயின்ட்டில் நிறம் வருவது இயல்பு.

இரண்டு பேனல் முடிந்ததும் வேறு பேடுக்கு மாறுங்கள். பேடின் முகத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடுகிறது என்றால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். சூட்டில் முதலில் போவது நடுப்பகுதி: பசை இளகும், ஃபோம் குழிந்து போகும், பிளேட்டின் வெல்க்ரோ கொக்கிகளும் உருகி வழுவழுப்பாகும். கொக்கி உருகிய பிளேட்டில் புதுப் பேடும் பறந்துவிடும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவாமல் அங்கேயே தங்கும் என்பதால் அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறையுங்கள்.

ஒரு பேடுக்கு ஒரு திரவம்தான். காம்பவுண்ட் தொட்ட பேடில் பாலிஷ் போட்டால், மிச்சமிருக்கும் முரட்டுத் துகள் பளபளப்பில் கோடு இழுக்கும். தரையில் விழுந்த பேடை எந்தக் காரணத்துக்காகவும் தட்டிவிட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். கழுவும் கூடைக்குப் போகட்டும்.

கழுவுவது

காம்பவுண்ட் காய்ந்து இறுகுவதற்குள் கழுவிவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் முகத்தில் சிறிது தண்ணீர் தெளித்து மூடிய பையில் போட்டு வையுங்கள், சில மணி நேரம் தாங்கும். கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீர், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம். பேட் கிளீனர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து பங்கு நீரில் கலந்து தெளித்து, இரண்டு நிமிடம் விட்டு, விரலாலோ மென்மையான பிரஷாலோ நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். நுரை வருவது முழுதாக நிற்கும்வரை அலசுங்கள். தங்கிய சோப்பு அடுத்த தடவை காம்பவுண்டைக் கெடுக்கும்.

இரவு முழுதும் ஊறப்போடுவது பேடைக் கொல்வதற்குச் சமம், வெல்க்ரோவின் பசை விட்டுவிடும். துணி பிழிவதுபோல முறுக்கினால் ஃபோம் உள்ளே கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அழுத்தி நீரை எடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் மைக்ரோஃபைபர் இழையில் படிந்துகொள்ளும், சேர்க்காதீர்கள். பிறகு ஒரு காலி வாளிக்குள் பேடைப் பிடித்து மெஷினைக் குறைந்த வேகத்தில் சுற்றினால் மிச்ச நீரும் சிதறிவிடும்.

காய்வது நிழலில், வெல்க்ரோ மேலே பார்க்க. நீர் பசைப் பக்கம் தேங்காமல் முகம் வழியே இறங்கும். நேர் வெயில் ஃபோமைப் பொடியாக்கும்; ஹீட்டரும் ஹேர் டிரையரும் பசையை இளக்கும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் ஃபோமின் நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும், ஒரு முழு நாளாவது விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் காம்பவுண்ட் நீர்த்துப் போகும், வெட்டு குறையும்; பையில் போட்டு வைத்தால் பூஞ்சை வரும்.

காய்ந்த பிறகு ஜிப் பையில், வெட்டும் பேட், பாலிஷ் பேட், வேக்ஸ் பேட் என்று பையின்மேல் எழுதி வையுங்கள். மேலே கனம் வைக்காதீர்கள். அமுங்கிக் கிடந்த ஃபோம் தட்டையாக ஓடாது.

எப்போது தூக்கிப் போடுவது என்பதற்கு ஒரு சோதனை போதும்: ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கி விடுங்கள். உடனே எழும்பினால் இன்னும் ஆயுள் இருக்கிறது. குழி அப்படியே நின்றாலோ, ஓரம் பிய்ந்திருந்தாலோ, வெல்க்ரோ ஒரு நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தாலோ, அந்தப் பேடைப் பெயின்ட்டில் வைக்காதீர்கள். சக்கரத்துக்கோ கண்ணாடிக்கோ வைத்துக்கொள்ளலாம். வெல்க்ரோ பிரிந்தது மட்டும் அதற்கும் ஆகாது. சுற்றும்போது கழன்று முகத்தில் வந்து அடிக்கும்.