ஹட்சன் ஆற்றுப் பாலத்தில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சி ஊரில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் இந்தப் பாலம் 1889-ல் ரயிலுக்காகத் திறக்கப்பட்டது. 1974 மே மாதம் தண்டவாளக் கட்டைகள் தீப்பிடித்து எரிந்தன. அதோடு ரயில் நின்றுபோனது. இடிக்க விடாமல் ஊர்க்காரர்கள் பல வருஷம் போராடியதன் பலனாக, கான்கிரீட் தளம் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான பாதையாக 2009 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆற்றிலிருந்து உயரம் சுமார் 65 மீட்டர்.

இங்கே சைக்கிளோடு வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, இதை வேகமாக ஓட்டுவதற்கான பாதை என்று நினைப்பது. தளம் நேராகவும் மட்டமாகவும் இருப்பதால் வேகம் தானாகவே கூடிவிடும். ஆனால் நடப்பவர்களுக்கு வழிவிடுவதுதான் இங்கே விதி. ஆற்றங்கரையில் இன்றும் ரயில் ஓடுகிறது. சத்தம் கேட்டதும் குழந்தைகள் குறுக்கே பாய்ந்து கம்பி ஓரத்துக்கு ஓடுவார்கள். அவர்கள் காதில் உங்கள் பெல் விழாது. நாய்க் கயிறு இன்னொரு ஆபத்து, தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இலைகள் நிறம் மாறும் அக்டோபர் மாதத்து ஞாயிறு மதியம் சைக்கிளுக்கு ஏற்ற நேரமே இல்லை, காலையிலேயே வந்துவிடுங்கள்.

நியூயார்க் நகரத்திலிருந்து ரயிலில் வருபவர்கள், ஸ்டேஷனிலிருந்தே பாலம் தெரிகிறதே, ஏறிவிடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஸ்டேஷன் ஆற்றோரம், பள்ளத்தில் இருக்கிறது. பாலத்தின் வாசல் மேட்டில். நடுவில் ஊர்த் தெருக்களில் ஏற்றம் மிதிக்க வேண்டும். நெரிசல் நேர ரயில்களில் சைக்கிள் ஏற்றக் கட்டுப்பாடு உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். பழைய ரயில் தடம் இரண்டு பக்கமும் சைக்கிள் பாதையாகத் தொடர்கிறது. கிழக்கே ஹோப்வெல் ஜங்ஷன் வரை சுமார் 21 கிலோமீட்டர். மேற்கே ஹைலண்ட் ஊர் வழியாக இன்னொரு பாதை. ரயில் போன தடம் என்பதால் செங்குத்து ஏற்றம் கிடையாது. பிள்ளைகளையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

பாலத்தின் மேல் நிழல் இல்லை, காற்றும் பலமாக அடிக்கும். தண்ணீரும் மெல்லிய ஜாக்கெட்டும் கையோடு இருக்கட்டும். சூரியன் மறைந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்பதால், அக்கரைக்குப் போனவர்கள் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.