மான் தொங்கவிடும் சட்டம்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக்கட்டை. உரிமம் பெற்று வேட்டையாடிய மானைத் தொங்கவிட்டுத் தோலுரிக்க இவ்வளவு போதும் என்றுதான் தோன்றும். முதல் பருவத்தில் அது நிற்கவும் செய்யும். சில மழைக்காலம் தாண்டிய பிறகு பார்த்தால், கையால் தள்ளினாலே தூண் ஆடும், போல்ட் துளையைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், குறுக்குக்கட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

இப்படிப்பட்ட சட்டங்கள் குறுக்குக்கட்டை முறிந்து விழுவது அரிது. மண்ணைத் தொடும் இடத்தில் இற்றுப்போகும். இல்லையென்றால் இணைப்பில் கழன்றுகொள்ளும். ஆகவே தடித்த மரமாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு மரக்கடைக்குப் போவது நல்லது.

மானின் எடையை மட்டும் கணக்குப் போடுவது

வளர்ந்த வெள்ளைவால் ஆண் மான் பெரும்பாலும் 60 முதல் 130 கிலோ வரை இருக்கும். செம்மான் கிடா 200 கிலோவையும் தாண்டும். "நூறு கிலோதானே, இந்தக் கட்டை தாங்கும்" என்று சொல்லிவிட்டு, கட்டையில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் மறுமுனையைக் கீழிருந்து இழுப்பார்கள். இங்கேதான் கணக்கு தப்புகிறது. கப்பியின் ஒரு பக்கம் மான் 100 கிலோவோடு கீழே இழுக்கிறது. அதைத் தூக்கி நிறுத்த மறுபக்கமும் அதே அளவு இழுத்தாக வேண்டும். இரண்டு இழுப்பும் கீழ்நோக்கியே இருப்பதால் கட்டையின் மேல் விழுவது 200 கிலோ. தூக்கும் நேரத்தில் கப்பியின் உராய்வும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் கூடும். மறுமுனையைத் தூணிலேயே கட்டி வைத்தாலும் கட்டைக்குப் பாரம் குறையாது.

கட்டையிலேயே தொங்கும் சங்கிலி ஏற்றியை வாங்கினால் இந்த இரட்டிப்பு அநேகமாக மறைந்துவிடும், ஏனென்றால் அதைக் கையால் இழுக்கும் விசை மிகச் சிறியது. என்னைக் கேட்டால், செலவு செய்ய ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பல கப்பிகள் சேர்ந்த கயிற்றுத் தொகுதியும் உதவும். நான்கு கயிறுகள் பாரத்தைப் பங்கிட்டால் இழுக்க வேண்டியது ஏறக்குறைய கால் பங்குதான்.

தோலுரிக்கும்போது வரும் விசையையும் மறந்துவிடுகிறார்கள். கழுத்துப் பக்கம் தோல் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். முழு உடல் எடையையும் போட்டு வெடுக்கென்று இழுப்போம். அந்த ஒரு நொடியில் கட்டையிலும் இணைப்பிலும் விழும் பாரம், மான் சும்மா தொங்கும்போது விழுவதைவிட மிக அதிகம். தூக்கப்போகும் மிகப் பெரிய மானின் எடையைப்போல நான்கு மடங்கைத் தாங்கும்படி கட்டினால்தான் அதன் கீழே நிம்மதியாக நின்று வேலை செய்ய முடியும்.

பலகையைப் படுக்க வைத்துக் கட்டுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 50 மி.மீ. தடிப்பும் 150 மி.மீ. அகலமும் உள்ள பலகையைப் படுக்க வைப்பதற்குப் பதிலாக விளிம்பில் நிறுத்தினால் அதன் பலம் 3 மடங்கு, வளையாத தன்மை 9 மடங்கு. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அப்படிப்பட்ட இரண்டு பலகைகளைச் சேர்த்து போல்ட் போட்டால் நல்ல உத்தரம் கிடைத்துவிடும்.

அந்த உத்தரத்தைத் தூணின் பக்கவாட்டில் வைத்து நான்கு திருகாணி அடித்துவிடக் கூடாது. தூணின் தலையில் வெட்டு எடுத்து அதற்குள் உட்கார வையுங்கள். அப்போது பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு நேராக இறங்கும். போல்ட் அதை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். போல்ட் 12 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமல், மரத்தை ஊடுருவி மறுபுறம் அகன்ற வாஷரும் நட்டும் போட்டதாக இருக்கட்டும். கப்பி மாட்டும் கண் போல்ட்டும் (தலையில் வளையம் உள்ள போல்ட்) அப்படியே. கம்பியை வளைத்துச் செய்த, வாய் மூடாத வளையம் பாரத்தில் விரிந்துவிடும். அடித்து உருவாக்கிய முழு வளையத்தையே வாங்குங்கள். அதையும் சாய்வாக இழுத்தால் தாங்கும் திறன் வெகுவாகக் குறையும்.

இன்னொரு பக்கம் ஆட்டம். தூணும் உத்தரமும் சேரும் மூலையில் 45 பாகையில் சாய்வு முட்டு இல்லாத சட்டம் கதவில்லாத நிலைபோல ஒருக்களித்துச் சாயும். முட்டின் இரு நுனிகளும் மூலையிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இது இடவல ஆட்டத்தை மட்டும்தான் தடுக்கும். முன்பின் ஆட்டத்துக்கு ஒவ்வொரு தூணுக்கும் தரையோடு சேரும் சாய்ந்த கால் வேண்டும், அல்லது தூண் மண்ணுக்குள் போதிய ஆழம் இறங்கியிருக்க வேண்டும்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்னங்காலில் தொங்கும் மான், மூக்கு நுனிவரை சுமார் 2 மீட்டர் நீளும். கால் அகட்டும் கம்பி, கொக்கி, கப்பி எல்லாம் சேர்ந்து அரை மீட்டரை விழுங்கும். தலை மண்ணில் படாமலிருக்கத் தரைக்கு மேல் 3 மீட்டர் வேண்டும்.

தூணின் அடிப்பகுதியைக் காங்கிரீட்டில் புதைத்து மறந்துவிடுவது

மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. தரைக்கு மேலே காற்று உண்டு, மரம் காய்ந்துவிடும். இரண்டும் கூடும் இடம் தரைமட்டமும் அதற்குக் கீழே சுமார் ஒரு சாண் ஆழமும். பழைய வேலித் தூணைப் பிடுங்கிப் பார்த்தால் அடிநுனி கெட்டியாக இருக்க, அந்த இடம் மட்டும் மெலிந்திருப்பது இதனால்தான்.

குழியின் அடியிலும் காங்கிரீட் போட்டு, அதில் தூணை நிறுத்தி, சுற்றிலும் நிரப்பினால் தண்ணீர் தேங்க நாமே கிண்ணம் செய்து கொடுத்ததாகிவிடும். மரம் காய்ந்து சுருங்கும்போது காங்கிரீட்டுக்கும் அதற்கும் இடையே மெல்லிய இடைவெளி விழும். அதன் வழியே மழை இறங்கும். வெளியே போக வழியில்லை. குழியின் அடியில் 15 செ.மீ. ஜல்லி போட்டு, தூணின் நுனி அந்த ஜல்லியைத் தொடும்படி நிறுத்துங்கள். காங்கிரீட் சுற்றிலும் மட்டும் இருக்கட்டும். அதன் மேல்முகம் தரையைவிட உயர்ந்து வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். 3 மீட்டர் உயரத் தூணுக்கு 1 முதல் 1.2 மீட்டர் ஆழம் தேவை. மண் உறையும் குளிர்ப்பகுதி என்றால் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து உப்பும் மண் தூணை மேலே தள்ளிக்கொண்டே வரும்.

இற்றுப்போகாமலிருக்க மருந்தேற்றிய மரமானாலும் மருந்து முழுக்க உள்ளே ஊறியிருக்காது. அறுத்த நுனியில் மருந்து ஏறாத மரம் தெரியும். அறுக்காத நுனியை மண்ணுக்குள் வையுங்கள். அறுத்த நுனிக்கு மருந்து பூசி, மேலே தகட்டு மூடி போடுங்கள். மருந்தேற்றாத மரமென்றால் வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே உதவும். எந்த உயர்ந்த மரமானாலும் அதன் வெளிப்புற வெண்மரம் மண்ணில் சீக்கிரம் இற்றுவிடும்.

வீட்டு முற்றங்களில் இடித்த பழைய மர மேடைகளின் மரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 2003 இறுதிவரை அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு வேலைகளுக்குப் பரவலாக விற்ற மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் உண்டு. இன்றைய மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பாணியை வேகமாகத் தின்றுவிடும் என்பதால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, போல்ட் அல்லது துருப்பிடிக்காத எஃகுதான் தாக்குப்பிடிக்கும். எந்த மருந்தானாலும் அந்த மரத்தில் இறைச்சி படக்கூடாது.

இரும்புக் குழாயில் கட்டுபவர்கள் மேல்வாயை மூடாமலும், கீழே ஒரு வடிதுளை போடாமலும் விடுகிறார்கள். உள்ளே தேங்கும் நீர் உள்ளிருந்தே துருவேற்றும். உறைந்தால் குழாயைப் பிளக்கும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் முன் பூச்சைத் தேய்த்து எடுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

இடத்தைக் கடைசியில் யோசிப்பது

வசதியான மூலையில் கட்டிவிட்டுப் பிறகு பார்த்தால் மதிய வெயில் நேராக அடிக்கும். இறைச்சியைத் தொங்கவிட்டுப் பதப்படுத்த 0 முதல் 4 பாகை செல்சியஸ் வேண்டும். நிழலும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் சட்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயன் பாதிதான். மேலே மின்கம்பி, பட்ட கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீழே வெறும் மண்ணாக இருந்தால் இரத்தமும் கழிவும் ஊறி ஈக்களையும் விலங்குகளையும் அழைக்கும். 50-க்கு 1 சரிவுள்ள காங்கிரீட் தளம் போட்டு, வடிநீர் கிணற்றுப் பக்கமோ தூணின் அடிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாள்பட்ட மெலிவு நோய், பிரியான் என்ற திரிந்த புரதத்தால் மான்களைத் தாக்குகிறது. மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கக்கூடியது அது. சமையல் சூடும் அதை அழிக்காது. அந்த நோயுள்ள பகுதியில் மூளை, முதுகுத்தண்டுக் கழிவை மண்ணில் கலக்க விடாதீர்கள். மானைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கயிறு, வின்ச்

பாலிபுரோப்பிலீன் கயிறு வெயிலில் நொறுங்கும். அதை வெளியிலேயே தொங்கவிட்டு அடுத்த பருவத்தில் எடுத்துப் பயன்படுத்துவது ஆபத்து. வின்ச் என்பது கைப்பிடியைச் சுழற்றிக் கயிற்றை உருளையில் சுற்றும் கருவி. தானே நிற்கும் பிரேக் இல்லாத வின்ச்சில் கைப்பிடி நழுவினால் அது சுழன்று அடிக்கும். கம்பி வடமென்றால் உருளையில் எப்போதும் குறைந்தது 3 சுற்று மிஞ்ச வேண்டும். வடத்தைப் பிடிக்கும் கிளிப்பின் வளைந்த போல்ட் பாரமில்லாத வால்முனைப் பக்கம் வர வேண்டும்.

மானைத் தொங்கவிடும் முன் ஒரு சோதனை: 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோவுக்கு மேல். அதைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, யாரும் அருகில் போகாமல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் இணைப்புகள் விலகினவா, உத்தரம் தொய்ந்ததா என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு, மரம் சுருங்கித் தளர்ந்த நட்டுகளை இறுக்குங்கள். தூணைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கி, திருப்புளியால் குத்திப் பாருங்கள். கெட்டியான மரத்தில் நுனி மட்டுமே பதியும். விரல் நீளம் இறங்கினால் அந்தத் தூணை மாற்றும்வரை எதையும் தொங்கவிட வேண்டாம்.